சைக்கிள் டிஸ்க் பிரேக் கத்துகிறதா? முதலில் எண்ணெய் கேனைக் கீழே வையுங்கள்!

போன வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து எங்கள் தெருவுக்கு அலாரம் தேவைப்படவில்லை. காலை ஆறேகால் மணிக்கு அக்கா பையன் டியூஷனுக்கு சைக்கிளை எடுப்பான். தெருமுனையில் பிரேக் பிடிப்பான். ‘கீ...ஈ...ஈ...ச்’ என்று ஒரு சத்தம். நாய்கள் குரைக்கும். எதிர்வீட்டுத் தாத்தா பேப்பரை இறக்கிவிட்டு எங்கள் வீட்டைப் பார்ப்பார். எட்டாம் வகுப்புப் படிக்கிறவனுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் அது. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

“எல்லாரும் என்னையே பாக்குறாங்க சித்தி” என்று அவன் புலம்ப, நான் ஒரு காரியம் செய்தேன். அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, பின்சக்கர டிஸ்க்கின் இரண்டு பக்கமும் நாலைந்து சொட்டு விட்டேன். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தேன். சத்தம் போயே போச்சு. பெரிய மெக்கானிக் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் இறங்கியவன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். லீவர் முழுசாக உள்ளே வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. காலை ஊன்றப் பார்த்து, வழுக்கி, நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டரில் போய் மோதினான். முழங்கை சிராய்ப்பு, ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் உடைந்தது. அவ்வளவோடு போனது. அதே சைக்கிளில் மறுநாள் காலை அவன் மெயின் ரோட்டுக்குப் போயிருந்தால் முன்னால் நிற்பது ஸ்கூட்டராக இருந்திருக்காது. அந்த நினைப்பில் இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், சைக்கிள் கடையில் பக்கத்தில் நின்று பார்த்தேன், கையில் கிரீஸ் படக் கற்றுக்கொண்டேன். வீட்டில் பிள்ளைகளுக்கு டிஸ்க் பிரேக் சைக்கிள் இருந்தால் நீங்கள் என்னைப் போல் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணெய் விட்டால் சத்தம் ஏன் நிற்கிறது?

நம் வீடுகளில் சத்தத்துக்கு ஒரே மருந்துதான். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய். தையல் மெஷின் முனகினால் எண்ணெய். தாத்தா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளில்கூட மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டுத்தான் ஓட்டினார்கள். அங்கெல்லாம் உரசல் வேண்டாத விஷயம். டிஸ்க் பிரேக்கில் உரசல்தான் வேலையே.

சக்கரத்தின் நடுவில் வட்டமாக, ஓட்டை ஓட்டையாக ஒரு எவர்சில்வர் தகடு சுற்றுகிறதே, அதுதான் டிஸ்க். பெரும்பாலான சைக்கிள்களில் 160 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அதைக் கவ்வுகிற மாதிரி உட்கார்ந்திருப்பது காலிப்பர். காலிப்பருக்குள் இரண்டு பேட். லீவரை அழுத்தினால் பேட்கள் டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கும்.

பேட் டிஸ்க்கை ஒரே சீராகப் பிடித்தால் சத்தம் வராது. நடுவில் லேசாக அழுக்கோ எண்ணெய்ப் பசையோ இருந்தால், பேட் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும், மறுபடி வழுக்கும். ஒரு நொடியில் பல நூறு முறை இது நடக்கும். வயலின் கம்பியை வில் இழுப்பதும் இதே முறையில்தான். கம்பிக்குப் பதில் இங்கே டிஸ்க் அதிர்கிறது. மெல்லிய தகடு என்பதால் தட்டில் கரண்டியை இழுத்த மாதிரி கத்துகிறது.

இப்போது அதில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால்? பிடிப்பதே இல்லை, வழுக்கல் மட்டும்தான். சத்தம் இல்லாமல் போவதன் ரகசியம் இவ்வளவுதான். கொஞ்சம் எண்ணெய் பட்டால் பிரேக் கத்தும், நிறைய பட்டால் வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிக்கொண்ட பிரேக்தான் ஆபத்தான பிரேக்.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. பிரேக் பிடிக்கும்போது மட்டும் சத்தமா, பிடிக்காமல் ஓடும்போதுமா? இரண்டும் வேறு வேறு வியாதி.

பிடிக்காமலே உரசல் கேட்டால், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகச் சுற்றிவிட்டுக் காதை வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று விடாமல் கேட்டால் காலிப்பர் நடுவில் இல்லை, ஒரு பேட் எப்போதும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘ஸ்க்... ஸ்க்...’ என்று கேட்டால் டிஸ்க் எங்கேயோ வளைந்திருக்கிறது.

“பஞ்சர் ஒட்டிட்டு வந்த அன்னிலேர்ந்துதான் இந்தச் சத்தம்” என்று யாராவது சொன்னால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் அதைச் சரியாக உட்கார வைக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தித் தரையில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நட்டையோ, லீவர் போல் இருக்கும் குவிக் ரிலீஸையோ தளர்த்துங்கள். சைக்கிளின் எடையிலேயே சக்கரம் தன் இடத்தில் போய் உட்காரும். பிறகு நன்றாக இறுக்குங்கள். பல நேரம் சத்தம் இதோடு நின்றுவிடும், பைசா செலவில்லை.

அப்படியும் உரசினால் காலிப்பரை நகர்த்த வேண்டும். அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களை 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் அரைச் சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். டிஸ்க்கின் இரு பக்கமும் பேடுக்கு நடுவில் பழைய விசிட்டிங் கார்டு ஒவ்வொன்றைச் செருகுங்கள். சுத்தமான கார்டு முக்கியம், சமையலறையில் கிடந்தது வேண்டாம். பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடி, அல்லது ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு, இரண்டு போல்ட்களையும் மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் காலிப்பர் ஒரு பக்கம் திரும்பிவிடும். கார்டுகளை உருவிவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் காலிப்பர் இடுக்கில் பாருங்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் சரி.

விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது ஒயரால் இழுக்கப்படும் பிரேக். அதிலும் பலவற்றில் ஒரு பேட் மட்டும்தான் நகரும். சக்கரப் பக்கம் இருக்கும் பேட் அசையாது. வெளிப் பேட் தள்ள, டிஸ்க் லேசாக வளைந்து உள்பேடில் போய்ச் சாயும், அப்படித்தான் பிடிமானம். எனவே அசையாத பேட் டிஸ்க்குக்கு மிக அருகில், தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதற்கான திருகு ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே கைவிட்டுத் திருப்புகிற இடத்தில் இருக்கும். இதைக் கவனிக்காமல் வெளியே ஒயரை மட்டும் இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் நிறைய. பேட் தேயத் தேய டிஸ்க் அதிகமாக வளையும், பிடிமானமும் குறையும், சத்தமும் கூடும்.

டிஸ்க்கே வளைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்ட். பக்கத்துச் சைக்கிளின் பெடல் இடித்திருக்கும், அல்லது மொத்த வரிசையும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்திருக்கும். டிஸ்க் இருப்பது சைக்கிளின் இடப்பக்கம், கியர் இருப்பது வலப்பக்கம். எந்தப் பக்கம் படுக்கப் போட்டாலும் ஏதோ ஒன்றுக்கு அடி. சின்ன வளைவு என்றால் சுத்தமான ஸ்பேனரால் டிஸ்க்கின் அந்த இடத்தை மெதுவாக எதிர்ப்பக்கம் நெம்பி நேராக்கலாம். எனக்கு இது இன்னும் கைவரவில்லை, நேராக்கப் போய் எதிர்ப்பக்கம் வளைத்ததுதான் மிச்சம். இதைக் கடையில் கொடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பிரேக் பிடித்தால் மட்டும் கத்துகிறது என்றால்...

முதல் சந்தேகம் மழைமேல். நனைந்த டிஸ்க் முதல் சில பிடிகளுக்கு ஊளையிடும், காய்ந்ததும் நின்றுவிடும். அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் ஈரத்தில் முதல் பிடியில் பிரேக் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மழையில் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்பே லேசாக ஒரு முறை பிடித்து ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்.

அடுத்தது பேட் தேய்மானம். ‘கீச்’ இல்லாமல் ‘கர்ர்ர்’ என்று இரும்போடு இரும்பு அரைக்கிற சத்தம் வந்தால் அந்த நிமிடமே சைக்கிளை நிறுத்திவிடுங்கள். பேடின் உரசும் பகுதி தீர்ந்து, பின்னால் இருக்கும் உலோகத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது. உரசும் பகுதி 0.5 மில்லிமீட்டர் வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது ஷிமானோ நிறுவனத்தின் கணக்கு. அரை மில்லிமீட்டரை எப்படி அளப்பது? உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். பேடின் உரசும் பகுதி ஏடிஎம் கார்டைவிட மெலிந்து தெரிந்தால் புதிது வாங்கிவிடுங்கள். சாதாரண பேட் சில நூறு ரூபாய்தான். டிஸ்க்கும் தேயும். புதிதாக 1.8 மில்லிமீட்டர் இருக்கும், 1.5-க்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பல டிஸ்க்குகளில் இந்த அளவைப் பொறித்தே இருப்பார்கள்.

ஏதாவது ஆடுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருக்கும் ஆறு போல்ட்கள் (நட்சத்திரத் தலை, டி25 சாவி), காலிப்பரின் இரண்டு போல்ட்கள். இதில் ஒன்று தளர்ந்தாலும் அதிர்வு கூடும், சத்தமும் வரும். டிஸ்க் போல்ட் தளர்ந்த சைக்கிளை ஓட்டவே கூடாது.

இது எதுவும் இல்லை, சுள்ளென்ற வெயிலிலும் கத்துகிறது, பேட் தடிமனாக இருக்கிறது, போல்ட்கள் இறுக்கமாக இருக்கின்றன என்றால் பசை பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆயுத பூஜை செய்த வேலை

பூஜைக்கு முதல்நாள் மாமா தன் பைக்கோடு சைக்கிளையும் வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோயிருந்தார். கழுவி முடித்ததும் டயர் கறுப்பாகப் பளபளக்க ஒரு பாலிஷ் அடிப்பார்களே, அதை சைக்கிள் டயருக்கும் அடித்திருக்கிறார்கள். பைக்குக்கு டீசல் ஸ்பிரே அடிக்கிற வழக்கம் உள்ள இடமும் உண்டு. டயருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை, ஸ்பிரேயில் கொஞ்சம் தகட்டில் படியாமல் இருக்குமா? அது போதாதென்று மறுநாள் பாட்டி சந்தனம் குங்குமம் வைத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பளபளவென்று இருந்ததே, அந்த டிஸ்க்கின் மேல்தான். அதற்கும் மேல் நான் தையல் மெஷின் எண்ணெயை விட்டேன். ஒரு பிரேக் இதைவிட என்ன தாங்கும்?

வாட்டர் வாஷ் வேண்டாம் என்றில்லை, டிஸ்க்கை ஒரு பழைய பாலித்தீன் கவரால் மூடிக் கட்டிவிட்டால் போதும். வீட்டில் செயினுக்கு எண்ணெய் விடும்போதும் அப்படித்தான். செயின் வலப்பக்கம்தானே, டிஸ்க் இடப்பக்கம்தானே என்று நினைத்தால், ஸ்பிரே டப்பா ஸ்போக்ஸ் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவதே நல்லது. விரலால் டிஸ்க்கைத் தொடுவதும் வேண்டாம், நம் கை எண்ணெய்ப் பசையே போதும் சத்தத்தைக் கிளப்ப. இறக்கத்தில் வந்து நிறுத்தியவுடன் தொட்டால் சத்தம் வேறு இடத்திலிருந்து வரும், அத்தனை சூடு.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைப்பார்களே, அதேதான். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதில் கை வறண்டுபோகாமல் இருக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அதுவே ஒரு பசை. பெட்ரோல், மண்ணெண்ணெயும் படலத்தை விட்டுவிட்டுப் போகும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் விளக்கு, அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்.

சுத்தமான பருத்தித் துணியில் நனைத்து டிஸ்க்கின் இரண்டு பக்கமும் துடையுங்கள். துணியின் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் எடுத்த அழுக்கையே மறுபடி பூசுவதுதான் நடக்கும். இடத்தை மாற்றி மாற்றி, துணி வெள்ளையாகவே திரும்பும் வரை துடைக்க வேண்டும். எங்களுக்கு மூன்று பழைய பனியன் செலவானது.

பேட்களைக் கழற்றிப் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடி போல மின்னினால் சூட்டில் இறுகிப்போயிருக்கிறது. மேசைமேல் உப்புத்தாளை விரித்து வைத்து, பேடை அதன்மேல் தட்டையாக வைத்து வட்டமாகத் தேய்த்தால் மினுமினுப்பு போய் சொரசொரப்பு வரும். அந்தத் தூளை ஊதாதீர்கள், மூச்சில் போகக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பேட் எண்ணெயை உறிஞ்சி ஊறிப்போயிருந்தால் இதெல்லாம் பலிக்காது. பேட் நுண்துளை கொண்ட பொருள், உள்ளே போன எண்ணெய் லேசில் வெளியே வராது. கேஸ் அடுப்பில் காட்டி எண்ணெயை எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேடை ஒட்டியிருக்கும் பசையும் சேர்ந்து வெந்து, ஓடும்போது கழன்றுகொண்டால் என்ன ஆகும்? நான் விட்ட எண்ணெய்க்குத் தண்டனையாகப் புது பேட் வாங்கிக்கொடுத்தேன்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். பேட்களில் ரெசின், மெட்டல் என்று இரண்டு வகை உண்டு. மெட்டல் அதிக நாள் உழைக்கும், சத்தமும் கொஞ்சம் கூடுதலாகப் போடும். டிஸ்க்கின்மேல் ரெசின் பேடுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது, டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஒயர் இல்லாமல் திரவத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள், பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை பார்த்திருந்தால், நிமிர்த்திய பிறகு லீவரை நாலைந்து முறை அழுத்தி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். காலிப்பரைச் சுற்றித் திரவம் கசிந்திருந்தால் அது கடை வேலை. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், வேறு சிலவற்றுக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

புது பேட் போட்ட அன்றே மலை ஏறாதீர்கள்

எல்லாம் முடிந்து அவன் சைக்கிளை எடுத்து பிரேக் பிடித்தால், மறுபடி ‘கீச்’. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழக்கப்படுத்தாமல் விட்டதுதான் காரணம். புது பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். அதற்குப் பிறகுதான் பிடிமானமும் முழுசாக வரும், சத்தமும் அடங்கும்.

ஆள் நடமாட்டமில்லாத, சமமான இடம் வேண்டும். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், ஒரு பிரேக்கை மட்டும் சீராக அழுத்தி நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கக் கூடாது, முழுசாக நிற்கவும் கூடாது. விட்டுவிட்டு மறுபடி. ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை. பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நான் எண்ண எண்ண அவன் ஓட்டினான். பத்தாவது முறைக்குச் சத்தம் குறைந்தது, பதினைந்துக்கு நின்றேவிட்டது.

ஏற்காடு, கொல்லிமலை என்று சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் பேட் சூடாகி இறுகிவிடும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கும். சூட்டில் விரிந்து லேசாக உரசினால் பயப்படாதீர்கள், டீ குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிடும்.

முன் பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சரிவில் அக்கா பையன் முன் பிரேக்கைத் தொடவே இல்லை. அதைப் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பாலிஷ் பட்டு அதுவும் அழுக்காகத்தான் இருந்தது, ஆனால் கத்திக்கொண்டாவது நிறுத்தியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போவதால் முன்சக்கரத்துக்குத்தான் பிடிமானம் அதிகம். சடாரென்று பிடிக்காமல், இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தப் பழக வேண்டும். அதே மைதானத்தில் அதையும் இருபது முறை செய்ய வைத்தேன்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு சைக்கிளை அவனே கழுவினான், பக்கெட் தண்ணீரும் பழைய துணியும்தான். பாட்டி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது டிஸ்க்கைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“பாட்டி, இதுல வேணாம். ஹேண்டில்பார்ல வைங்க.”

“ஏன்டா, போன வருஷம் வெச்சேனே?”

“அதான் பாட்டி!”

பாட்டி ஹேண்டில்பாரில் மூன்று பொட்டு வைத்தார். மிச்சம் இருந்த சந்தனம் பெல்லுக்குப் போனது.